நாலு ஏழைவிடப் பெரிதாக இருந்த நாட்கள்

கிளுவங்காட்டுவலசில் நாலு ஏழைவிடப் பெரிதாக இருந்த அந்த நூற்று ஒன்பது நாட்களிலும் மாடுகள் வழக்கம்போலக் கறந்தன, கிணறுகளில் தண்ணீர் இருந்தது, நிச்சயம் செய்த ஒரு கல்யாணமும் தள்ளிப்போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் இதை ஏதோ கொள்ளைநோய் வந்து போனதுபோலச் சொல்லித் திரிகிறார்கள், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. இது ஆரம்பித்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பில், ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றேகால் மணிக்கு, தமயந்தி டீச்சர் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தபோது.

பெஞ்சின் மேல் ஏறியது சிக்னலுக்காக. பிள்ளைகளின் வருகையை செல்போனில் ஏற்றி அனுப்ப வேண்டும், அந்தக் கட்டடத்தில் அந்த ஒரு பெஞ்சின் மேல், ஜன்னல் பக்கம் கையை நீட்டினால்தான் இரண்டு கோடு கிடைக்கும். தமயந்திக்கு அப்போது இருபத்தொன்பது வயது, வேலைக்கு வந்து ஐந்தாம் வருஷம், இதுவரை ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை, ஒரு பதிவேட்டிலும் அடித்தல் திருத்தல் கிடையாது, போன வருஷம் அட்டையில் ஒரு கொக்கு செய்து, அதன் அலகு பெரிய எண்ணின் பக்கம் மட்டும் திறக்கிற மாதிரி நூல் கட்டி, ஒன்றியக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியவள். அன்றைக்கும் கொக்கைத்தான் காட்டினாள். கரும்பலகையில் 4 என்றும் 7 என்றும் எழுதிப்போட்டு, எது பெரிசோ அந்தப் பக்கம் கொக்கு வாயைத் திறக்கும், நடுவில் கொக்கு வாயைப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு பெஞ்சில் ஏறினாள்.

முதலில் நோட்டைக் கொண்டுவந்தது தன்ஷிகா. தையல்காரி கோமதியின் மகள், ஆறு வயது, சொன்ன சொல்லை மாற்றாத பெண், சாப்பாடு வேண்டாம் என்றால் சாயங்காலம்வரை வேண்டாம்தான். நோட்டை அவள் தலைக்கு மேல் தூக்கி நீட்ட, தமயந்தி போனில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையால் சிவப்புப் பேனாவைத் திறந்து, குனியாமல், பார்க்காமல், ஒரு சரி போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டாள். அதற்கு முன்னால் அவள் ஆயிரக்கணக்கில் சரி போட்டிருக்கிறாள், ஒன்றாலும் உலகத்தில் எதுவும் அசைந்ததில்லை. இது ஏன் அசைத்தது என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

முதலில் கண்டது சத்துணவு சமைக்கிற வேலாத்தாள். மத்தியானம் ஒரு வரிசையில் ஏழு பிள்ளைகளும் எதிர் வரிசையில் நாலு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள், ஏழு பேருக்குப் போட்ட பிறகும் குண்டா அப்படியே இருந்தது, நாலு பேருக்குப் போடப் போனபோது சாம்பார்சாதம் பற்றவில்லை, வழித்துப் போட்டும் பற்றவில்லை. அவள் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வரிசையைப் பார்த்தாள், அந்த வரிசையைப் பார்த்தாள், இன்னைக்கு நாலு சாஸ்தியாட்டம் இருக்குது என்று சொல்லிவிட்டு இன்னொரு படி அரிசி போடப் போனாள். அவ்வளவுதான். ஊரில் அந்தச் செய்தியை முதலில் சொன்ன வாயும் அது, அதற்குமேல் யாரும் அதைப் பற்றி ஆச்சரியமாக ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. பால் சொசைட்டியில் நாலு லிட்டர்ப் பாலை ஏழு லிட்டர் கேனில் ஊற்றினால் வழிந்து தரையெல்லாம் ஓடியது. நாச்சிமுத்துவின் டீக்கடையில் நாலு போண்டா தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க, ஏழு போண்டா தின்றவர்கள் இன்னும் பசிக்கிறது என்று உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்து மறுநாளே நாலு நாலாகத் தட்டில் வைத்து விற்க ஆரம்பித்து, யாராவது தெரியாமல் ஏழு கேட்டால் வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று விசாரித்தார். மேலத்தெருவில் நாலு மாதம் முழுகாமல் இருந்தவள் இடுப்பில் கையூன்றி மூச்சு வாங்க, அவளுடைய நாத்தனார் ஏழாம் மாதத்தில் இரண்டு குடத்தோடு படியேறிப் போனாள், இருவரையும் பார்த்த நர்ஸம்மா இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனாள், ஏனென்றால் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். அஞ்சு நாலைவிடப் பெரிதாகவே இருந்தது, ஆறு அஞ்சைவிட, ஏழு ஆறைவிட, எட்டு ஏழைவிட, எல்லாம் அதது இடத்தில். நாலும் ஏழும் நேருக்கு நேர் சந்திக்கிற இடத்தில் மட்டும் ஏழு ஏழையாகிவிட்டது.

ஊரும் அதற்குத் தக்கபடி நடக்கப் பழகியது. ஏழு தேங்காய் வைத்திருந்தவர்கள் மூன்றை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, நாலோடு, முன்னைவிட அதிகமாக, வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வீட்டில் ஏற்கெனவே நாலு இருந்தால் மூன்று சேர்ந்து ஏழாகி அவர்களுக்குக் குறைந்துபோகும், அதனால் அவர்கள் அந்த மூன்றைத் தூக்கிக்கொண்டு கொடுத்தவர்களைத் துரத்தினார்கள், அதனால் ஆவணி மாதம் முழுக்க கிளுவங்காட்டுவலசுத் தெருக்களில் யாராவது மூன்று தேங்காயோ மூன்று பூசணியோ மூன்று கோழிக்குஞ்சோ வைத்துக்கொண்டு ஓடுவதும், யாராவது கதவைச் சாத்துவதுமாக இருந்தது. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த பங்காளிகள்கூட மூன்று முருங்கைக்காயை வைத்துக்கொண்டு, நீ வைத்துக்கொள், இல்லை நீ வைத்துக்கொள் என்று வாய்ச்சண்டை போட்டு, அந்தச் சண்டையிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கன்னிமார் கோவில் பூசாரிக்குத்தான் சங்கடம். ஏழு கன்னிமாரும் எதிரே காவலுக்கு நிற்கிற நாலு மண்குதிரைகளுக்குக் குறைந்தவர்களாகிவிடக் கூடாதே என்று மூன்று நாள் யோசித்து, ஒரு குதிரையின் மேல் கோணிச்சாக்கைப் போர்த்தி, மிச்சம் மூன்றுதான் என்று சாமிக்குச் சொல்லிவிட்டு, பூசையை எப்போதும்போலச் செய்தார்.

கபடிப் போட்டி அந்த வருஷம் நம்மூரில் நடந்தது. வந்த அணிகளெல்லாம் ஏழு ஏழு பேராக இறங்கின, உள்ளூர் அணி நாலு பேரோடு இறங்கி, அந்த நாலு பேரும் மைதானம் முழுக்க நிறைந்து நிற்க, ரெய்டு வந்தவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆளாக இருந்தது. கோப்பை உள்ளூரில் தங்கியது. தோற்றுப்போன அணிகளில் ஒன்று மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டது, அது பின்னால் வருகிறது.

இந்தக் கூத்திலெல்லாம் தமயந்தி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நோட்டுகளை அடுக்கும்போதே அவள் பார்த்துவிட்டாள்: 4-ஐப் பார்த்து அகலமாக வாயைத் திறந்திருக்கும் கொக்கு, அதற்குப் பக்கத்தில் அவளுடைய சரி, அவளுடைய நட்சத்திரம். அந்த நோட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தவள் வெளியே எடுக்கவில்லை. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், புது டிரான்ஸ்பார்மர் என்றார்கள், வடக்குப் பார்த்துத் தோண்டிய போர்க்குழாய் என்றார்கள், டீச்சர் என்ன நினைக்கிறீர்கள் என்று அவளிடமும் கேட்டார்கள், அவளும் டிரான்ஸ்பார்மராக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். வீட்டுக்குப் போய் சரியை அடித்து அதன்மேல் பெரிதாகத் தப்பு போட்டாள், ஒன்றும் மாறவில்லை. மறுநாள் வகுப்பில் நாலு பிள்ளைகளை ஒரு பக்கமும் ஏழு பிள்ளைகளை ஒரு பக்கமும் நிறுத்தி, ஆளுக்கொரு ஜோடி சேர்ந்து கையைப் பிடியுங்கள், எந்தப் பக்கம் ஆள் மிச்சமோ அந்தப் பக்கம்தான் பெரிசு என்றாள். பிள்ளைகள் கையைப் பிடித்தார்கள். நாலு பேர் இருந்த பக்கத்தில் மூன்று பேர் ஜோடியில்லாமல் மிச்சம் நின்றார்கள். அவள் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள், புளியங்கொட்டையை வைத்து மூன்றாம் தடவையும் பார்த்தாள், பிறகு எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத் தமிழ்ப் புத்தகத்தை எடுக்கச் சொன்னாள்.

தன்ஷிகாவைத் தனியாகக் கூப்பிட்டு, கொக்கைத் திருப்பிப் போடு கண்ணு என்று கேட்டாள். நாலுதான் பெருசு என்றாள் தன்ஷிகா, நீங்களே சரி போட்டீங்கல்ல. ஏழு பெரியது என்று பத்துத் தடவை எழுதிக் கொண்டுவரச் சொன்னாள், தன்ஷிகா அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்தாள், ஒரு எழுத்துப் பிழை இல்லை, அந்தப் பத்து வரியில் ஒரு வரியையும் அவள் நம்பவில்லை என்பது பால் சொசைட்டியில் வழிந்த பாலிலேயே தெரிந்தது. நம்பாமல் எழுதினால் அது வெறும் எழுத்துதான் போலிருக்கிறது.

இதற்கிடையில் வகுப்பு காலியாகிக்கொண்டு வந்தது, அல்லது நிரம்பிக்கொண்டு வந்தது, எப்படிச் சொல்வதென்று தமயந்திக்குத் தெரியவில்லை. ஏழு வயதுப் பிள்ளைகள் நாலு வயதுப் பிள்ளைகளைவிடச் சின்னவர்கள் ஆகிவிட்டதால், அவர்களை அங்கன்வாடிக்கு அனுப்புவதும், நாலு வயதுப் பிள்ளைகளை இரண்டாம் வகுப்புக்கு அனுப்புவதும்தானே முறை என்று ஊர்ப் பெற்றோர் ஒரு கூட்டம்கூடப் போடாமல் தீர்மானித்துவிட்டார்கள். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அவளுடைய வகுப்பிலிருந்து, கூட்டல் கழித்தல் தெரிந்த ஒரு பிள்ளை டாட்டா காட்டிவிட்டுப் போக, அந்த இடத்தில் மூக்கொழுகிக்கொண்டு, டீச்சர் ஒண்ணுக்கு, டீச்சர் அம்மா, டீச்சர் இவன் கடிச்சுட்டான் என்று ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தது. செப்டம்பர் முடிவதற்குள் பதினைந்து பேரில் பதினோரு பேர் நாலு வயதுக்காரர்கள். பிரார்த்தனை முடிந்த உடனே அவர்கள் தூங்கிவிடுவார்கள். தூங்காத நேரத்தில், தாங்கள்தான் பெரியவர்கள் என்ற தோரணையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடப்பார்கள்.

ஐப்பசியில், ஒரு புதன்கிழமை, தன்ஷிகாவுக்கு ஏழு வயதானது.

முந்தின நாள் கோமதி மகளுக்கு அளவெடுத்துத் தைத்த கவுன் காலையில் தோளில் நிற்கவில்லை. அவளைவிட மூன்று வயது சின்னவனான தம்பி சர்வின் பக்கத்தில் வந்து நின்றபோது அவனுடைய காதுக்குத்தான் இவள் தலை எட்டியது. சர்வின் ஒன்றும் பெருமைப்படவில்லை, அவன் அக்காவை மேலும் கீழும் பார்த்து, மூக்கைத் துடைத்துவிட்டு, ரோட்டுல வண்டி வரும், கையப் புடிச்சுக்கோ பாப்பா என்று கூட்டிக்கொண்டு போய் அங்கன்வாடியில் விட்டுவிட்டு, தான் இரண்டாம் வகுப்புக்கு வந்து தன்ஷிகாவின் இடத்தில் உட்கார்ந்தான். கோமதி மறுநாள் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்று, தமயந்தியிடம் சண்டைக்கு வராமல், சாதாரணமாகத்தான் சொன்னாள்: எல்லாருக்கும் வந்ததுதானுங்க டீச்சர், எங்க பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்னு சொல்ல முடியுமா. ஆனா ராத்திரி சோறு ஊட்டும்போது கேட்டாளுங்க, அம்மா நான் இனி எப்பவும் சின்னப் பிள்ளைதானான்னு. நான் என்னங்க சொல்லட்டும்.

தமயந்தி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலை, இரண்டாம் வகுப்பை வேலாத்தாளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அங்கன்வாடிக்கு நடந்தாள்.

அங்கே ஏழு வயதுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சத்துமாவு உருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். சுவரில் யானை, கிளி, பூசணிக்காய். தன்ஷிகா கவுனின் கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தின்றுகொண்டிருந்தாள். தமயந்தி சேலையைச் சேர்த்துக்கொண்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, நோட்டை வெளியே எடுத்து நடுவில் வைத்தாள். அதட்டுவதா கெஞ்சுவதா என்று வரும் வழியெல்லாம் யோசித்திருந்தாள். உட்கார்ந்த பிறகு, அந்தச் சின்ன முகத்தைப் பார்த்த பிறகு, இந்த நூற்றுச்சொச்சம் நாளில் தான் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"ஏஞ்சாமி, நாலு பெருசுன்னு எழுதுனியே, எதுனால அப்படி எழுதுன?"

தன்ஷிகா உருண்டையை விழுங்கினாள். இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல டீச்சரைப் பார்த்தாள்.

"நீங்கதான டீச்சர் பெருசா எழுதுனீங்க."

"எதை?"

"நாலை. இவ்வளவு பெருசு," என்று உருண்டை பிடித்த கையையும் கழுத்தைப் பிடித்த கையையும் விரித்துக் காட்டினாள், கவுன் தோளிலிருந்து இறங்கியது. "ஏழை ஓரத்துல இத்துனூண்டு எழுதுனீங்க. சாக்பீஸ் தீந்துபோச்சு, கீய்யுன்னு சத்தம் வந்துச்சு."

தமயந்திக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருந்தது. முழு சாக்பீஸால் பலகையை நிறைத்து ஒரு 4. அதை எழுதும்போதே சாக்பீஸ் உடைந்தது, கையில் மிஞ்சியது விரல்நகம் அளவுத் துண்டு, அதை வைத்து வருகைக் கட்டத்துக்கும் தேதிக்கும் நடுவில் கிடைத்த சந்தில் ஒரு 7. எது பெரிசு என்று கேட்டது அவள். மற்ற பிள்ளைகள் டீச்சருக்கு என்ன பதில் வேண்டும் என்று யோசித்து எழுதினார்கள், இவள் பலகையைப் பார்த்து எழுதினாள். பக்கத்தில் அங்கன்வாடி ஆயா பால்பவுடரை அளந்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தும், தமயந்தி குரலைத் தாழ்த்தவில்லை.

"நீ எழுதுனது சரிதான் கண்ணு. நான் கேட்டதுதான் தப்பு."

அளந்துகொண்டிருந்த ஆயாவின் கை நின்றது. வட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் தின்பதை நிறுத்தினார்கள். தன்ஷிகா, அப்படியென்றால் எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று கேட்டாள்.

"எதுல நெறைய இருக்குதுன்னு கேட்டிருக்கோணும்."

"நெறையவா?" என்றாள் தன்ஷிகா. "நெறையன்னா ஏழுதான் டீச்சர். அது எல்லாருக்கும் தெரியுமே."

அவளே பேனாவை வாங்கி, பழைய கொக்கை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே 4 என்றும் 7 என்றும் ஒரே அளவில் எழுதி, நடுவில் கொக்கு வாயை ஏழின் பக்கம் திறந்து வைத்து, நோட்டைத் திருப்பி நீட்டினாள். தமயந்தி அதை இரண்டு கண்ணாலும் பார்த்தாள். இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை. கைப்பைக்குள் போன் அடித்தது, எடுக்கவில்லை. பிறகு சரி போட்டாள்.

கவுன் தோளில் ஏறி உட்கார்ந்தது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பிலிருந்து பதினோரு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அம்மா என்று அழ ஆரம்பித்தார்கள், அவர்களை வேலாத்தாள் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றும் மிச்சத்தைக் கையில் பிடித்தபடியும் கொண்டுவந்து சேர்க்க, ஏழு வயதுக்காரர்கள் பாதி உருண்டையோடு எழுந்து போனார்கள். சர்வின்தான் வர மாட்டேன் என்று வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டான். தன்ஷிகா போய் அவன் கையைப் பிரித்து எடுத்து, மூக்கைத் துடைத்து, கூட்டிக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலம் நாச்சிமுத்து தட்டுகளில் மறுபடி போண்டாவைக் கூட்டி வைத்தார், நர்ஸம்மா வந்து, நாத்தனாரின் கைக்குழந்தையோடு சேர்த்து மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதினாள், பூசாரி குதிரையின் மேலிருந்த கோணியை உதறி மடித்தார். தேங்காயைக் கொடுக்க யாரும் யார் வீட்டுக்கும் ஓடவில்லை, ஒரு வாரத்துக்குத் தெரு கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். காரணம் என்ன என்பதைத் தமயந்தியே பால் சொசைட்டி வாசலில் வைத்து எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். யாரும் அவளைக் கோபிக்கவில்லை. ஆனால் அன்று முதல் தன்ஷிகா எங்காவது பென்சிலை எடுத்தால், பக்கத்தில் இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

கபடிப் புகார் மெதுவாக நகர்ந்து நகர்ந்து, கார்த்திகை மாதத்தில் ஒரு கல்வி அதிகாரியாக வந்து இறங்கியது. நல்ல மனிதர், வியர்வைக்குப் பயந்து கழுத்தில் கைக்குட்டை வைத்திருந்தார். நாலும் ஏழும் அதன் அதன் இடத்தில் இருப்பதை வேலாத்தாளின் முட்டைத் தட்டிலேயே பார்த்து முடித்துவிட்டு, வந்ததற்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகலாம் என்று இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்து, சாக்பீஸை எடுத்து, பலகையில் பெரிதாக, வளைத்து நெளித்து, வாலெல்லாம் வைத்து ஒரு 3 எழுதினார். சாக்பீஸ் உடைந்தது. மிச்சத் துண்டால் ஓரத்தில் ஒரு 8 எழுதினார். எது பெரிசு, நீ சொல்லு என்று அவர் விரல் நீட்டியது முன்வரிசையில் இருந்த தன்ஷிகாவை.

செய்தி எப்படித்தான் பரவியதோ, தன்ஷிகா எழுந்து நிற்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே ஊர் நின்றது. நாச்சிமுத்து கரண்டியோடு நின்றார், கோமதி கழுத்தில் இஞ்ச் டேப்போடு நின்றாள், மூன்று பிள்ளை பெற்றவர்களும் எட்டு ஆடு வைத்திருப்பவர்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார்கள். தமயந்திக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்போல நாக்கு துடித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

தன்ஷிகா பலகையை நிதானமாகப் பார்த்தாள்.

"சார், எழுதுனதுல பெருசு எதுன்னு கேக்கறீங்களா, எண்ணிக்கையில பெருசு எதுன்னு கேக்கறீங்களா?"

அதிகாரி சிரிக்கப் போனார். பிறகு திரும்பிப் பலகையைப் பார்த்தார். அவர் கழுத்துக் கைக்குட்டையை எடுத்து இரண்டு எண்ணையும் துடைத்தார், மேஜை டிராயரைத் திறந்து ஒரு புது சாக்பீஸ் எடுத்தார், இடது கையால் சாண் வைத்து அளந்து 3 எழுதினார், அதே சாணை நகர்த்தி வைத்து 8 எழுதினார், இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார், திருப்தியில்லாமல் போய் எட்டின் தலையை ஒரு நூல் உயர்த்திவிட்டு வந்தார்.

"எண்ணிக்கையிலதான் கேக்கறேன் பாப்பா," என்றார்.

"எட்டு," என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லும்வரை காத்திருக்காமல் தன்ஷிகா உட்கார்ந்தாள், ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள் கம்பியை விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.